கோழி வெட்டிய கையும் கட்டி வந்த பாம்பும்

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் பிறம்ரன் நகர வைத்தியசாலையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். “அண்ணி போயிட்டா,” என்றார். “ரண்டு நாளாய்ப் பாம்புக்கு ஒருத்தரும் தண்ணி வைக்கேல்ல. ஒருக்காப் போய்ப் பார்,” என்றார். சாவுச் செய்தியோடு பாம்பைப் பற்றியும் பேசுகிற குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

என் அண்ணி செல்வமலர் அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் கோழி வெட்டும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் கத்தி பிடித்தவர். நான் கனடா வந்ததும் என்னையும் அங்கே சேர்த்துவிட்டவர் அவரே. காலில் கொளுவிய கோழிகள் தலைகீழாகத் துடித்தபடி வரும். இரத்தம் முழங்கை வரை வழியும். முதல் நாள் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வர நான் சத்தி எடுத்தேன். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல், கத்தியைக் கீழே வைக்காதே என்று மட்டும் சொன்னார்.

அங்கே ஒரு மேற்பார்வையாளன் புதிதாக வந்த பெண்ணைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். அண்ணி அவன் கையை இழுத்து வெட்டுப் பலகையில் அறைந்து, விரல்களுக்கு ஓரமாகக் கத்தியைக் குத்தி நிறுத்தினார். அடுத்த முறை விரல்கள் கோழிக்காலோடு பெட்டிக்குள் போகும் என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அவனுக்கு நன்றாக விளங்கியது. பிறகு எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார். விட்டுப்போனது ஒரு கண்ணாடித் தொட்டியும், அதற்குள் செம்மஞ்சள் பாம்பும். விஷமில்லாத சாதி. நடு உடம்பில் உருண்டையாக, சின்னத் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. பாம்புத் தெய்வம் நாகதம்பிரானின் கோபம் என்று சொந்தக்காரர் பால் கொண்டுவந்தார்கள். அண்ணி அந்தப் பாலில் தேநீர் போட்டு அவர்களுக்கே கொடுத்தார். உள்ளே நாகரத்தினமாக்கும் என்று நான் பகிடி விட்டேன்.

ஒரு ஞாயிறு, அது தொட்டியை விட்டு வெளியேறி உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. பனி அள்ளும் சவளை எடுத்தேன். பாவம், வேதனையை முடித்துவிடுவோம் என்று வாயால் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். முதல் அடி தவறித் தரை ஓடு உடைந்தது. மறுபடி ஓங்கியபோது அண்ணி எறிந்த இடியப்ப உரல் என் புருவத்தைப் பிளந்தது. கண்ணெல்லாம் இரத்தம். அவர் எனக்கும் பாம்புக்கும் நடுவில் வந்து நின்றார்.

“வேலையில ஒண்டையும் நான் உயிரோட விடேல்ல. வீட்டில ஒண்டை விடுறன். இதில கை வைச்சியெண்டால் உன்னை வெட்டுவன்.”

வெட்டுவார் என்பது எனக்குத் தெரியும். ஐந்து தையல் போட்டார்கள். பனியில் வழுக்கி விழுந்ததாக டொக்டரிடம் சொன்னேன். அண்ணி மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு நாங்கள் பாம்பைக் கொண்டுபோய்க் காட்டிய மிருக வைத்தியர் கட்டியை ஊசியால் குத்திப் பார்த்தார், படம் எடுத்தார். என்னவென்று தெரியவில்லை, மருந்து ஏற்றி முடித்துவிடலாம் என்றார். “தெரியாட்டி ஏன் கொல்லுவான்?” என்று அண்ணி என்னைக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தே வைத்தியர் பேச்சை மாற்றி, பூச மருந்து தந்தார்.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டி, மருந்து பூசி, கட்டியைத் தாண்டிப் போகக்கூடிய சின்ன எலியாகப் பார்த்துக் கொடுத்தோம். கத்தி பிடித்துப் பிடித்து அண்ணிக்கு விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஆகவே பாம்பைப் பிடிக்கிற தண்டனை எனக்கு. முதல் நாளே அது என் கையைக் கவ்விக்கொண்டது.

“உதறாத. உதறினால் அதின்ர பல்லு உடையும். கடிச்சு முடிக்கட்டும்,” என்றார் அண்ணி.

என் இரத்தம் குளிப்பாட்டும் கோப்பைத் தண்ணீரில் சொட்டச் சொட்ட நின்றேன். இரண்டு வருடம் இப்படியே போனது. கட்டி வளரவுமில்லை, கரையவுமில்லை.

போன ஞாயிறு அண்ணி நெஞ்சு வலியோடே வேலையை முடித்து, கத்தியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வைத்தியசாலைக்குப் போனாராம். நான் அன்று லீவு. அதை நினைக்க என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அண்ணன் சொன்னபடி போனேன். தண்ணீர் வைத்தேன். குளிப்பாட்டத் தூக்கியபோது கட்டி உள்ளங்கையில் தட்டுப்பட்டது. அண்ணியைக் காணாத கோபமோ என்னவோ, பெருவிரலடியில் பலமாகக் கவ்விக்கொண்டது. வலி உச்சிக்கு ஏறியது. செய்தி கேட்ட நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

போய் வாருங்கள், அண்ணி. நான் கையை உதறவில்லை.