கறிவேப்பிலை அசையாத தட்டு

அரிசி கழுவிய சட்டியில் ஒரு கறிவேப்பிலை விழுந்து கிடந்தது. குழாய் சொட்டச் சொட்ட, அலை வளையம் வளையமாக விளிம்புவரை போனது. இலை மட்டும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கியது. ஒன்பதாம் தரத்துக்கு அலைப் பாடத்தை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அடுப்பை நிறுத்திவிட்டுக் கேக் தட்டைத் தேடினேன்.

கடலோர ஊரான பெரியகல்லாற்றில் விஞ்ஞான ஆசிரியையாக எனக்கு அது முதல் வருடம். மறுநாள் தட்டில் நீர் ஊற்றி, இலையை மிதக்கவிட்டு, ஓரத்தில் விரலால் சுண்டினேன். வகுப்பே எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றது.

"இலை போகுதா?"

"இல்ல மிஸ்."

கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: அலை சக்தியைக் காவிச் செல்லும், நீரைக் காவிச் செல்லாது. அன்று எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அடுத்த நாள் இடைவேளையில் மாணவி டிலக்ஷியின் தாய் வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அலை ஆளக் கொண்டு போகாதெண்டு நீங்களா மிஸ் படிச்சுக் குடுத்த?"

தலையாட்டினேன்.

"சுனாமியில என்ட மூத்த புள்ள என்ட கையில இருந்துதான் போன. நாலு வயசு. இவள் அதுக்குப் பிறகு பொறந்தவள். நேத்து சோறு தின்னக்குள்ள சொல்றாள், தண்ணி இழுக்காதாம், நீங்கதான் கைய விட்டிருப்பீங்களாம்."

அவர் அழவில்லை.

"இவ்வளவு காலமா நானும் அதத்தான் நினைச்சிக்கிட்டிருந்தன் மிஸ். இப்ப புத்தகத்திலயும் இரிக்காம்."

பாடத்தைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று பகுதித் தலைவரிடம் போய் நின்றேன்.

"சோதனைக்கு அதுதான் விடை மிஸ். சுனாமிய இழுத்தா புள்ளைகள் குழம்பும். நீங்களே குழம்பித்தான் நிக்கிறீங்க."

கடைசியில் ஒரு பாடவேளை தந்தார்.

பிழை என்னுடையது. நான் காட்டியது ஆழமான நீரின் மேல் ஓடும் சிற்றலை. கரைக்கு வந்து ஆழம் குறையும்போது நீண்ட அலையில் நீரே எழுந்து ஓடும். கடலோரத்தில் படிப்பித்துக்கொண்டு, கரையே இல்லாத கடலைத் தட்டில் காட்டியிருக்கிறேன்.

இந்த முறை தட்டின் ஒரு பக்கம் மணலைச் சரிவாகக் குவித்தேன். மறுபக்கம் மரக்கறி வெட்டும் பலகையை நிறுத்தி, மெல்ல, நீளமாகத் தள்ளினேன். நீர் மணலில் ஏறியது, இலையையும் ஏற்றியது. திரும்பும்போது இலையோடு மணலையும் இழுத்து வந்தது.

டிலக்ஷி முன்னால் வந்தாள். இலையை மணலில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டாள்.

"இப்ப தள்ளுங்க மிஸ்."

தள்ளினேன். விரலுக்குக் கீழே மணல் கரைந்து, இலை வழுகிப் போனது.

"இன்னும் ஒருக்கா."

மூன்றாம் முறை இரண்டு விரலால் அழுத்தினாள். காம்பு மட்டும் மிஞ்சியது.

கரும்பலகையில் பழைய வசனத்தின் கீழே 'எந்த ஆழத்தில்?' என்று சேர்த்தேன். அந்தக் கேள்வி இல்லாமல் இனி எந்த வகுப்பிலும் அந்த வசனத்தை எழுதமாட்டேன்.

மணி அடித்த பிறகும் டிலக்ஷி போகவில்லை.

"அம்மா என்னோட கதைக்கிறல்ல மிஸ்."

"மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டன். சரி எண்டு மட்டும் சொன்னா." மேசையில் இருந்த தட்டைப் பார்த்து, "தட்டத் தருவீங்களா?" என்றாள்.

சனிக்கிழமை டிலக்ஷி வீட்டுக் குசினியில் செய்து பார்க்கப்போகிறோம். பலகையை டிலக்ஷி தள்ளுவாள். தாய் வந்து பார்ப்பாரா என்று தெரியாது. மணல் நான் கொண்டுபோக வேண்டும். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம் என்று டிலக்ஷி சொல்லியிருக்கிறாள்; அம்மா அதை வாசல் தாண்ட விடுவதில்லையாம்.