அண்ணனின் அடியிலிருந்து பெரியவர்கள் வாட்டுக்கு

சபையாரே, என் முதுகுத் தழும்புகள் எப்படி வந்தன என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை சொல்ல வெட்கமாக இருந்தது. இன்று சொல்கிறேன். என் பெயர் எஸ்தர். டயகமவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்.

ஆறு வயதில் எனக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வாட்டு டொக்டர் மாத்திரை கொடுத்தார். மாதாமாதம் அம்மா கூட்டிப்போவார். வலிப்பு அடங்கியிருந்தது.

பதினான்கு வயது முடிந்ததும், "இனி பெரியவங்க பக்கம் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே போனால், "பிள்ளைகள் டொக்டர் எழுதிக் குடுத்த துண்டு இல்லாம பார்க்க ஏலாது" என்றார்கள். மூன்று முறை திரும்பினோம். மாத்திரை தீர்ந்தது.

கொழுந்து பறிக்கும் மலையிலேயே வலிப்பு வந்து விழுந்தேன். பிறகு தினமும் விழுந்தேன். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் டேவிட்தான் பெரியவன். "இது நோவு இல்ல, பேய். அடிச்சாத்தான் போகும்" என்றான். என்னைத் தூணில் கட்டிப் பெல்ட்டால் அடித்தான். தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. "போறியா, இல்லையா?" என்று பேயைக் கேட்டான். பதில் சொல்ல அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

"கர்த்தாவே, அண்ணன் கையை நிறுத்துங்க." இவ்வளவுதான் என் ஜெபம்.

அண்ணன் பெல்ட்டை எறிந்துவிட்டு விறகுக்கட்டையை எடுத்தான். அம்மா குறுக்கே பாய்ந்தார். அண்ணன் ஓங்கிய விறகுக்கட்டை அவர்மேல் விழுந்தது. கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டது. கட்டையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

காலையில் அம்மாவின் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலிலேயே எனக்கு வலிப்பு. கண் விழித்தபோது என் தலை ஒரு மடியில் இருந்தது. பிள்ளைகள் வாட்டில் என்னை எட்டு வருஷம் கவனித்த நர்ஸ் மிஸ்ஸி!

"எஸ்தர்தானே? மருந்து எங்க புள்ள?"

அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மிஸ்ஸி என் பழைய காகிதங்களைத் தேடி எடுத்து, பெரியவர்கள் டொக்டர் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். டொக்டர் கேட்டதற்கு அம்மா வாய் திறந்தார். மிஸ்ஸி தடுத்தார்.

"அவ சொல்லட்டும்மா. இனி அவதானே வரணும்."

மாத்திரை எப்போது தீர்ந்தது, எத்தனை முறை விழுந்தேன் என்று நானே சொன்னேன். என் பெயரில் துண்டு எழுதினார்கள். மாத்திரை கிடைத்தது. கர்த்தர் அந்த வாசலில் மிஸ்ஸியை எனக்காக வைத்திருந்தார்.

அண்ணன் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் முதல் வருஷம் முழுக்க கிளினிக்குக்கு அவன்தான் பஸ்ஸில் துணைக்கு வந்தான். அம்மாவின் கை கோணலாகத்தான் கூடியது. எனக்கு வலிப்பு வந்து வருஷங்கள் ஆகின்றன. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை விழுந்தால், கட்டையைத் தொடாதீர்கள். கர்த்தரைக் கூப்பிடுங்கள். பிறகு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளைகள் வாட்டோ பெரியவர்கள் வாட்டோ, நானே கூட்டிப்போகிறேன்.