பதினெட்டுப் பேர் வந்த படகு

நாலைந்து வருடம் இருக்கும். கார்த்திகை மாதம், விடாத மழை. காசிமேட்டில் எங்கள் குடும்பத்துக்கு வலையும் கயிறும் விற்கிற கடை. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை, இப்போது கணக்கு வழக்கெல்லாம் என் கையில். எனக்குக் கடலும் தெரியாது, நீச்சலும் தெரியாது. தெரிந்தது எக்செல் மட்டும். சரக்குப் பட்டியலில் முழ நீளத்துக்கு எழுதியிருக்கும் பெயரிலிருந்து கயிற்றின் கனத்தை மட்டும் ஃபார்முலா போட்டு உருவியெடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்று வீட்டில் சொல்வார்கள். உண்டுதான், மறைப்பானேன்.

எங்கள் கடை ஓரமாகக் கூடை வைத்து மீன் விற்கிற ஒரு அக்கா உண்டு. எனக்கும் அவருக்கும் தினம் சண்டை. மீன் கழுவின தண்ணீர் என் வாசலில் ஓடுகிறது என்பது என் வழக்கு. உன் கடைக்கு ஆள் வருவதே என்னால்தான் என்பது அவர் வழக்கு. சண்டை முடிந்த கையோடு எனக்கென்று ஒதுக்கி வைத்த நெத்திலியை எடுத்துக் கொடுப்பார். அவர் கணவர் விசைப்படகில் வேலை செய்கிறவர். கிளம்பினால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார்.

அந்த வாரம் திடீரென்று புயல் என்று அறிவித்துவிட்டார்கள். கடலில் இருக்கும் படகுகள் பக்கத்தில் எந்தத் துறைமுகம் இருக்கிறதோ அங்கே ஒதுங்கட்டும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். பல படகுகள் ஆந்திரா பக்கம் ஒதுங்கின. எந்தப் படகு எங்கே என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. கரை சேர்ந்தவர்கள் படகின் பதிவு எண், துறைமுகத்தின் பெயர், மொத்தம் எத்தனை பேர் என்ற மூன்றையும் எழுதி அனுப்பும்படி படகுக்காரர்களும் நாங்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். செய்திகள் வந்து குவிந்தன. நடுநடுவே ஜெபம், சாமி படம், டிவி செய்தி, ஒரே தகவல் நாலு தடவை. படிக்கவே தலை சுற்றியது.

காலையில் கடை திறக்கும்போதே அக்கா வந்து நின்றார். கையில் கூடை இல்லை.

"கம்பூட்டர்ல இன்னாமோ பிச்சிப் பிச்சி எடுப்பியே கண்ணு, எங்க வூட்டுக்காரரு போன போட்டு எங்க கீதுன்னு பாரேன். போனு அடிச்சா எடுக்க மாட்டேன்னுது" என்றார். அவர் வாயில் படகு என்பது 'போட்டு'.

குழுவில் வந்தது எல்லாவற்றையும் அள்ளி எக்செல்லில் கொட்டினேன். விசைப்படகின் பதிவு எண்ணில் 'எம்.எம்.' என்று இரண்டெழுத்து வரும். அதற்குப் பிறகு இருப்பதுதான் அந்தப் படகுக்கே உரிய எண். அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று 'ஃபைண்ட்' என்ற ஃபார்முலா தேடிக் கொடுக்கும், அங்கிருந்து எண்ணை மட்டும் 'மிட்' என்ற ஃபார்முலா வெட்டிக் கொடுக்கும். ஒரு வரியில் எழுதி அப்படியே கீழே இழுத்துவிட்டேன். படகுக்காரர் சங்கத்திலிருந்து ஒரு பெரியவர், கடலுக்குப் போன படகுகளின் பட்டியலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டையும் பொருத்திப் பார்த்தோம். ஒவ்வொன்றாகக் கழிந்து கடைசியில் ஒரே ஒரு எண் மிஞ்சியது. அக்காவின் கணவர் போன படகு.

"மீன்வளத் துறையில காணோம்னு எழுதிக் குடுத்துடலாம்மா. தேடவாவது போவாங்க" என்றார் பெரியவர். நியாயமான பேச்சுதான். ஆனால் வாசல்படியில் உட்கார்ந்திருப்பவரிடம் அதை யார் சொல்வது? திரையில் மிஞ்சிய அந்த ஒரு எண்ணையே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னான்னு சொல்லிடு. நீ கம்முனு கீறதுதான் பேஜாரா கீது."

"இருங்கக்கா, இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். பார்க்க ஒன்றுமே இல்லை. நேரத்தைக் கடத்த ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஆள் கணக்கையும் பிரிக்க ஆரம்பித்தேன். 'பேர்' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கிற எண்ணை மட்டும் வெட்டி அடுத்த கட்டத்தில் போட்டேன். எட்டு, ஒன்பது, ஒன்பது, எட்டு என்று ஓடியது. ஓர் இடத்தில் பதினெட்டு.

ஒரு விசைப்படகில் ஏது பதினெட்டுப் பேர்? யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் அந்தச் செய்தியை முழுசாகத் திறந்தேன். எண், துறைமுகம், ஆள் கணக்கு எல்லாம் ஒழுங்காக எழுதி, அதற்குப் பின்னால் இன்னும் ஒரு வரி இருந்தது: "கூட்டாளி போட்டு எஞ்சின் பூட்ச்சி, கவுறு கட்டி இஸ்துகினு வந்துட்டோம், அல்லாரும் நல்லா கீறோம்."

எஞ்சின் நின்றுபோன படகையும் இழுத்து வந்ததால்தான் இரண்டு படகின் ஆட்களும் சேர்ந்து பதினெட்டு. ஆனால் கூட்டாளிப் படகின் எண் அதில் இல்லை. ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகவே தொழில் செய்கிற படகுக்காரர்கள் ஒருவரையொருவர் எண் சொல்லியா அழைப்பார்கள்? அவர்களுக்கு அது கூட்டாளி போட்டு, அவ்வளவுதான். என் ஃபார்முலாவோ முதலில் கண்ட எண்ணை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கத்தரித்துவிட்டது.

அந்த வரியை உரக்கப் படித்தேன். பெரியவர் பட்டியலைப் புரட்டி, அந்த எண் யாருடைய படகு என்று சொன்னார். அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "அதாங்க எங்க போட்டுக்கு ஜோடி. ரெண்டும் ஒண்ணாதான் போச்சு" என்றார். செய்தி வந்த எண்ணுக்கு உடனே போன் போட்டோம். யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல். பிறகு அக்காவின் கணவர் குரல் கேட்டது. அக்கா முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்த பிறகுதான் அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, அப்படி ஒரு சந்தோஷம். பெரியவர் எல்லோருக்கும் டீ சொல்லப் போகிறேன் என்று குடையை மறந்து மழையிலேயே இறங்கிப் போனார்.

புயல் ஓய்ந்து படகுகள் திரும்பியதும் அக்காவின் கணவர் கடைக்கு வந்தார். இழுத்து இழுத்து நைந்துபோன கூட்டாளியின் கயிற்றுக்குப் பதிலாகப் புதுசு வாங்கித் தரவேண்டுமாம். "இன்னாம்மா, அரை நாளு என்னியக் கடலாண்டயே வுட்டுட்டியாமே" என்று சிரித்தார். கூடையோடு வாசலில் நின்ற அக்கா, "வுட்டிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

இப்போதும் தினம் ஃபார்முலா போடுகிறேன். ஆனால் வேண்டியதைப் பிரித்தெடுத்த பிறகு, வேண்டாம் என்று விட்டதையும் ஒரு முறை படிக்காமல் கோப்பை மூடுவதில்லை, ஏனென்றால் அன்றைக்கு ஒரு மனிதர் உயிரோடு இருந்தது நான் வெட்டிவிட்ட அந்த மிச்ச வரியில்தான்.