சிவப்புப் பேனா யார் கையில்

எங்கள் வீட்டில் சிவப்புப் பேனா பிள்ளையின் கையில்தான் இருந்தது. அதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு. கர்வம் பாவம் என்று சபையில் சொல்வார்கள். இந்த ஒன்றை மட்டும் ஆண்டவர் மன்னிப்பார் என்று நினைக்கிறேன்.

மகள் மூன்றாம் வகுப்பில் ஒருநாள் முழு மார்க்கோடு வீட்டுக்கு வந்தாள். டீச்சர் விடைகளைப் பலகையில் எழுதிப் போட்டாராம். எல்லோரும் பார்த்து எழுதினார்களாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த வருடத்தோடு பள்ளியை நிறுத்தி, ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டிலேயே பாடம் ஆரம்பித்தேன். காலையில் ஜெபம், ஒரு வசனம், அப்புறம் கணக்கு.

கணக்கில் நான் சூரப்புலி அல்ல. ஆகவே ஒரு வழக்கம் வைத்தோம். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைப் பக்கங்களைக் கிழித்து என் பீரோவில் பூட்டிவிடுவேன். அவள் எழுதி முடித்ததும் அவற்றையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்துவிட்டுக் குழம்பைக் கவனிக்கப் போய்விடுவேன். தப்பை அழிக்கக் கூடாது. அடித்து, பக்கத்தில் மார்க் போட வேண்டும். சாயங்காலம் அப்பா பெங்களூர் ரயிலில் வந்து இறங்கியதும் அந்த மார்க்கைச் சொல்ல வேண்டும்.

என் நாத்தனார் பள்ளி ஆசிரியை. கேட்டதும் சிரித்தாள். "திருடன் கையிலயே சாவியக் குடுத்துட்டு சமையல் பண்றீங்களா அண்ணி?"

என் கணவருக்கும் கவலைதான். "குணம் வாணாம்னு சொல்லல. மார்க் இல்லன்னா பெங்களூர்ல எவன் உள்ள வுடுவான்?" என்பார். மார்க் குறைந்த நாளில் அவருக்குச் சோறு இறங்காது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நேர்மையை மட்டும் வைத்துக்கொண்டு அல்ஜீப்ரா போட முடியாதே. அதனால் தப்பான கணக்கை மறுநாள் திரும்பப் போட்டாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தேன். அழுதாலும் விடமாட்டேன்.

இந்த வருடம் அவளுக்கு லேப் வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. என் சமையலறை எத்தனைக்குத்தான் ஈடுகொடுக்கும்? ஊரிலேயே ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கேட்டோம். கணக்குப் பரீட்சை வைப்போம், சரியில்லை என்றால் ஏழாம் வகுப்பில்தான் போடுவோம் என்றார்கள். ஏழு என்றால் இத்தனை வருடமும் நான் பிள்ளையைக் கெடுத்தேன் என்று அர்த்தம். ஊர் சொல்ல வேண்டாம், நாத்தனார் ஒருத்தி போதும்.

பரீட்சை அன்று, பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் புழுதி கண்ணில் விழ, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் மகளின் விடைத்தாள். முழுக்கச் சிவப்பு மை.

"இன்னாம்மா இது? பரீட்ச பேப்பர இவளே திருத்தி வெச்சிருக்கா?"

மகளோ என்னைப் பார்த்து, "எழுதி முடிச்சா திருத்தணும்தானேம்மா? டைம் இருந்துச்சி," என்றாள். விடைப் பக்கம் இல்லாததால் ஒவ்வொரு விடையையும் கணக்கிலேயே திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கடைசிக் கணக்கு ஒத்துவரவில்லை. அடித்துவிட்டு, தனக்குத்தானே பூஜ்யம் போட்டிருந்தாள்.

தலைமையாசிரியை கணக்கு டீச்சரை வரவழைத்துத் திருத்தச் சொன்னார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். டீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ போட்ட மார்க்கெல்லாம் சரிதான் மேடம். கடைசிக் கணக்குல வழி சரியா கீது, பாதி மார்க் குடுக்கலாம். இவதான் குடுத்துக்கல," என்றார்.

தலைமையாசிரியை தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார். "ஒம்பதாவதுலயே சேத்துக்கிறோம். ஆனா இங்க சிவப்புப் பேனா எங்க கையிலதான்," என்றார். கேட் தாண்டும்வரை அழக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

சாயங்காலம் கணவர் வந்ததும் மகள் வழக்கம்போல் மார்க்கைச் சொன்னாள். தான் போட்டதைத்தான் சொன்னாள். பள்ளியில் நடந்ததை நான் முன்பே போனில் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"டீச்சர் குடுத்த பாதி மார்க்க சேக்கலியா?" என்றார்.

"அது அவங்க போட்டதுப்பா."

அவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. போனை எடுத்துத் தங்கையை அழைத்தார். ஒன்பதாம் வகுப்பு கிடைத்ததைத்தான் முதலில் சொல்வார் என்று நினைத்தேன். அந்தப் பூஜ்யத்தைத்தான் முதலில் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "சாவி பத்திரமா கீதும்மா," என்றார்.