இரண்டு இனிஷியல்களில் ஓர் அக்கா

கோச்சடையில் பருத்திப்பால் வண்டிக்குப் பக்கத்தில், ஒரு கையில் சூடான டம்ளரும் மறுகையில் கைபேசியுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது பளிச்சென்று உறைத்தது. அக்காவை இணையம் இரண்டு ஆள்களாக நினைத்துக்கொண்டிருக்கிறது!

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த நரம்பியல் ஆய்வகத்தில், எனக்கு முன்பே முனைவர் பட்டம் முடித்துத் தற்காலிக வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தவர். தூக்கம் கெட்டால் எலிகளுக்குப் பழகிய வாசனை மறந்துபோகுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. பரவைப் பக்கம் பிறந்தவர், படிப்பின் நடுவிலேயே செல்லூரில் வாக்கப்பட்டார். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றிலும் அப்பா இனிஷியலை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் இனிஷியலைப் போட்டார்கள். அந்தச் சூட்டோடு ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் மாற்றிக்கொண்டார். நம்மூரில் அதை யார் தப்பென்று நினைப்பார்கள்?

கட்டுரைகளைக் கணக்கெடுக்கும் இணையதளம் அப்படி விடவில்லை. அப்பா இனிஷியல்காரிக்கு ஒரு பக்கம், வீட்டுக்காரர் இனிஷியல்காரிக்கு இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்துவிட்டது. எலிகள் மறந்துவிடும் என்று காட்டிய அக்காவின் ஆகச்சிறந்த கட்டுரை, வெளிநாட்டார் அதிகம் மேற்கோள் காட்டிய கட்டுரை, பழைய பக்கத்தில் அநாதையாகக் கிடந்தது. அக்காவுக்கோ உதவிப் பேராசிரியர் நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். இதுவும் தவறினால் மாமனாரின் விசைத்தறிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

பருத்திப்பாலைப் பாதியில் வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினேன்.

"ஏன்க்கா, இந்தப் பேப்பர் யாருது?"

"என்னுதுதான்டி. பழசு."

"நெட்டுல உங்க பேருல இல்லையே. வேற யாரோ மாதிரில்ல காட்டுது."

கைபேசியை வாங்கிப் பார்த்தார். "ஆத்தி! அம்புட்டுப் பேரும் இவளுக்குத்தான் போயிருக்கா? கல்யாணம் ஆகாத பிள்ளை, நல்லாத்தான் இருந்திருக்கா."

"ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டா நீங்க எங்கயோ போயிருவீங்கக்கா."

"எங்க போவேன்? செல்லூருக்குத்தான் போவேன். பஸ்ஸ விட்டா வசவு விழும்."

திருமணச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பி, இருவரும் ஒருவரே என்று முறையிட்டுவிட்டுக் காத்திருந்தோம். என் ஆராய்ச்சி வாழ்க்கையின் இனிப்பான நாள்கள் அவைதான். எலிகளுக்குப் பழக்கும் வனிலா எசன்ஸ் எங்கள் சட்டையெல்லாம் மணக்கும். அக்கா கொண்டுவரும் புளிச்சோற்றைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டே பக்கத்தைத் திறந்து திறந்து பார்ப்பேன். "சும்மா இருடி, அது என்ன பரீட்சை ரிசல்ட்டா?" என்பார். ஆனால் என் தோளுக்கு மேலே அவரும் எட்டிப் பார்ப்பார்.

ஒருநாள் பக்கங்கள் சேர்ந்துவிட்டன. நான் பீற்றிக்கொண்ட அளவுக்கு மேற்கோள் எண்ணிக்கை ஏறவில்லை. புது இனிஷியலில் எழுதியபோதெல்லாம் அக்கா தன் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார். அதுவரை வேறு யாரோ காட்டியதாகக் கணக்கானவை, இருவரும் ஒருவரே என்றதும் தற்பெருமையாகிக் கழிந்துபோயின. எனக்கு முகம் தொங்கிவிட்டது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எனக்கு நானே போட்டுக்கிட்ட மாலையெல்லாம் போச்சா? போகட்டும். மிச்சம் இருக்குறவன்தான் நெசமாப் படிச்சவன்."

அந்த மிச்சத்தை உட்கார்ந்து படித்தோம். அதில் ஒன்று இடியாக இறங்கியது. குளிர்நாட்டு ஆய்வகம் ஒன்று அக்காவின் சோதனையை அப்படியே திரும்பச் செய்து பார்த்திருந்தது. அவர்களுடைய எலிகள் தூக்கம் கெட்டும் வாசனையை மறக்கவில்லை.

"அக்கா, இத இண்டர்வியூல காட்டிராதீங்க."

"அவுகளே தேடிப் பாத்துட்டா மூஞ்சிய எங்கடி வச்சுக்கிறது?" என்றவர் தன் பழைய கட்டுரையைத் திறந்து தேதியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் அதப் பண்ணினது சித்திரையில. எலி ரூம்ல ஏசி கெட்டுக் கெடந்துச்சு. தூக்கம் மட்டுமா போச்சு? வெக்கையில வெந்துச்சுக. அத நான் எழுதவே இல்லடி."

வெக்கையில் வாழ்கிறவர்களுக்கு வெக்கை ஒரு செய்தியாகவே தோன்றவில்லை!

நேர்காணலில் அந்த மறுப்புக் கட்டுரையைத்தான் முதலில் எடுத்து வைத்தாராம். வேலை கிடைத்துவிட்டது. "எம்புட்டு சைட்டேஷன்னு கேட்டாங்க, சொன்னேன். அப்பறம் எல்லாம் ஏசிப் பேச்சுதான்" என்று போனில் சிரித்தார்.

இப்போது அக்காவும் புளிச்சோறும் இல்லாத மதிய வேளைகளில் ஆய்வகம் ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. இருந்தும் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு அறைகளுக்கு அனுமதி கேட்டு நானும் அக்காவுமாக எழுதிப் போட்டிருக்கிறோம். ஒன்று குளிர்ச்சியாக, மற்றது நம்மூர்க் கோடையைப் போல. இரண்டிலும் எலிகளின் தூக்கத்தைக் கொஞ்சம் கெடுத்துவிட்டு வனிலாவை நீட்டிப் பார்க்க வேண்டும். வெக்கை அறையில் மட்டும் மறந்தால், குளிர்நாட்டாரும் அக்காவும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வெக்கையிலும் மறக்கவில்லை என்றால் அக்கா சொன்னது தப்பு. அதையும் அவரே எழுதுவதாக இருக்கிறார்.