தேய்ந்த மூலை

சென்னையில் ஓர் ஓவியக் கண்காட்சி. மரக்கட்டையில் செதுக்கி எடுத்த அடுப்பங்கரைச் சாமான்களின் அச்சுப் படங்கள். அதில் ஒரு தோசைத் திருப்பிக்கு வலது மூலை தேய்ந்திருந்தது.

"எங்கம்மாவோடது சார். வலது கைக்கு இடது மூலைதான் தேயும்; அச்சுல இடம் வலமா மாறிடும்," என்றாள் அதைச் செய்த பெண்.

மாறாமலே அப்படித் தேய்ந்த திருப்பி ஒன்று, உத்திரமேரூரில் எங்கள் நாஷ்டா கடையில் இருந்தது. சாக்குப் படுதாவுக்குப் பின்னால் அக்கா இடது கையால்தான் தோசை வார்ப்பாள். சாப்பிட வருகிறவர்களுக்குத் தெரியாது.

அவளைப் பெண் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து வந்தார்கள். பத்து நாள் அம்மா பழக்கிவிட்டபடி, அக்கா வலது கையால் காபி கொடுத்தாள். தளும்பியது, சிந்தவில்லை.

கேசரியைத் திருடித் தின்றதற்காக அன்று காலையில் அவள் என்னை அறைந்திருந்தாள். எனக்கு ஒன்பது வயது. உள்ளே போய்த் திருப்பியை எடுத்துவந்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினேன்.

"இத்தப் பாருங்க, எப்டி தேஞ்சிகீது. எங்கக்கா எல்லாத்தியும் பீச்சாங்கையாலதான் பண்ணும்."

அந்தம்மா காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார். சம்பந்தம் அத்தோடு போயிற்று.

விவரம் தெரியாத பிள்ளை என்று எல்லோரும் என்னை விட்டுவிட்டார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டு கிழவனாகிவிட்டேன். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் அக்கா வலது கையால் தோசை வார்த்தாள். முதல் தோசை கிழிந்தது. கிழிந்ததைப் படுதாவுக்கு வெளியே அனுப்ப முடியாது. என் தட்டில் போட்டாள்.

"துன்னுடா, ஸ்கூலுக்கு நேரமாச்சி."

பசித்தது. தின்றேன்.