வசந்தா அக்காவின் லாகின்

வசந்தா அக்கா நேற்று மதியம் போய்விட்டார். ஹார்ட் அட்டாக். பட்டினப்பாக்கத்தில், வீட்டு வாசலிலேயே...

அடையாறில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் அவர்தான் எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். போன தீபாவளிக்கு முன்னால் அவரைத் தூக்கி லினன் ரூமில் போட்டார்கள். பெட்ஷீட் எண்ணுகிற வேலை. காரணம்? "புதிய டெக்னாலஜியை ஏற்க மறுக்கிறார்" என்று மெமோ.

இன்று காலை அதே ஆஸ்பத்திரியின் ஃபேஸ்புக் பேஜில் அஞ்சலி போஸ்டர். "நமது டிஜிட்டல் பயணத்தின் முன்னோடி"யாம். வேலை போனால் போகட்டும், எழுதிவிடுகிறேன்.

நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து, ஊசி எல்லாவற்றையும் இனி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று வந்தபோது பயந்தது நாங்கள். அக்கா இல்லை.

ட்ரெய்னிங் கொடுக்கத் தரமணி ஐ.டி. கம்பெனியிலிருந்து வந்தவர் இங்கிலீஷிலேயே பொரிந்து தள்ளினார். அக்கா கையைத் தூக்கினார். "நைனா, கொஞ்சம் தமிழ்ல சொல்லு. எங்களுக்குப் புரிஞ்சாத்தான பேஷண்டுக்கு நல்லது."

சாயங்காலம் அவரே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்த்து, "இன்னாடி ரேவதி, தள்ளி நிக்கிற? அது இன்னா கடிக்கவா போவுது?" இவரா ஏற்க மறுத்தவர்?

வார்டுக்கு ஒரே கம்ப்யூட்டர். அதிலும் பாதி நேரம் பில்லிங் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்களுக்குத் தனித்தனி லாகின் "ப்ராசஸ்ல இருக்கு" என்றார்கள். இன்றைக்கும் ப்ராசஸில்தான் இருக்கிறது! அதனால் யார் ஊசி போட்டாலும் அக்கா லாகினில்தான் ஏற்றுவோம். பாஸ்வேர்டு அவர் மகள் பெயர். வார்டு முழுக்கத் தெரியும். மேனேஜருக்கும் தெரியும்.

ஒருநாள் எங்களில் ஒருத்தி ஆன்டிபயாடிக் ஊசியை நேரத்துக்குப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்காகக் காத்துக் கிடந்து தாமதமாக ஏற்றினாள். ஸ்கிரீனில் சிவப்பாக "லேட்". அக்கா பெயரில்.

மேனேஜர் வார்டுக்கே வந்து நின்றார். "சிஸ்டம்ல ஏறலைன்னா ஊசி போடலைன்னுதான் அர்த்தம்."

"இன்னா சார் பேசறீங்க? ஊசிய பேஷண்டுக்குப் போடணுமா, கம்ப்யூட்டருக்குப் போடணுமா? இன்னொரு கம்ப்யூட்டர் குடுங்க, உடனே ஏத்தறோம்."

யார் போட்டது என்று கேட்டார்கள். "எங்க வார்டு. நான்தான் பொறுப்பு" என்றார் அக்கா. அதோடு சரி.

கம்ப்யூட்டர் கேட்டவருக்குத்தான், கம்ப்யூட்டர் வேண்டாம் என்கிறார் என்று மெமோ. என்ன அநியாயம் இது!

அவரை லினன் ரூமுக்கு அனுப்பிவிட்டார்களே தவிர வார்டு அவர் லாகினில்தான் ஓடியது. கேன்டீனில் பார்த்தால் டீ கிளாஸோடு வந்து உட்காருவார். "இன்னாடி, இன்னிக்கு நான் எத்தினி ஊசி போட்டேன்?"

நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்... ஆனால் வார்டு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்.

இன்று காலை டியூட்டிக்குப் போனேன். ஸ்கிரீனில் "வெல்கம், வசந்தா".

அங்கே அக்காவின் மகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். இங்கே அவள் பெயரை டைப் பண்ணி நாங்கள் ஊசிக் கணக்கு ஏற்ற வேண்டும். செத்தவர் ஊசி போட்டதாக!

ஐ.டி. டிபார்ட்மென்டுக்கு போன் போட்டேன். "வசந்தா சிஸ்டர் இறந்துட்டாங்க. அவங்க லாகினை மூடுங்க. எங்களுக்கு எங்க லாகினைக் குடுங்க."

"போன்ல சொன்னா எடுக்க மாட்டோம் சிஸ்டர். சிஸ்டம்ல கம்ப்ளெயிண்ட் போடுங்க."

கம்ப்ளெயிண்ட் போடவும் லாகின் வேண்டும்.

உங்கள் மகள் பெயரை டைப் பண்ணித்தான் போட்டேன் அக்கா. வசந்தாவின் லாகினை மூடும்படி கேட்டுக்கொள்பவர்: வசந்தா.

மதியம் டியூட்டி முடிந்ததும் மாலையோடு வருகிறேன். போய்ட்டு வாங்கக்கா...